கட்டைவிரல் எலும்பும் கம்பளிக் கயிறும்

தாஷ்-புலாக்
21 ஜனவரி 1979

அருமை புரூல் அக்காவுக்குக் கனிஷாய் எழுதுவது,

உன் உடம்பு எப்படி, தூக்கம் எப்படி, ஃப்ரூன்ஸே நகரத்துக் குளிர் எப்படி? இங்கே ஆட்களும் சுகம், ஆடுகளும் சுகம். என் வீட்டுக்காரர் ஷார்ஷெனுக்குத்தான் கொட்டிலில் வைக்கோல் அள்ளிப் போட்டு முதுகு பிடித்துக்கொண்டது. தவிடு வறுத்து ஒத்தடம் கொடுக்கிறேன்.

ஏன் அக்கா, நீ காலை அறுத்துக்கொள்ளப் போகும் விஷயத்தைக் கூடப் பிறந்தவளுக்கு ஒரு வரி எழுதினால் கை தேய்ந்து போகுமா? கால்நடை மருத்துவர் வாயால்தான் நான் கேள்விப்பட வேண்டுமா? "உங்க அக்கா கடைக்குச் செருப்பு வாங்கப் போனேன். நின்ன இடத்துலயே ஒரு கால மாத்தி ஒரு கால தூக்கித் தூக்கி வெக்குது, லாடம் கழண்ட குதிர மாதிரி. கட்டைவிரல் எலும்புக்கு ஆபரேஷனாம்" என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அவருக்குத் தேநீர்கூட ஊற்றவில்லை.

மீரிம் மரப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். பத்து மாதம்தான் ஆகிறது, கொழுப்பைப் பார். பதினான்கு வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை அக்கா. அவள் பிறந்த அன்றைக்கே நான் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், முதல் அடி வைக்கும்போது கட்டுகிற இவள் கால் கயிற்றை என் அக்காதான் வெட்டுவாள் என்று.

என் கயிற்றை நீ வெட்டியது எனக்கு நினைவில்லை. ஆனால் அம்மா சொல்லிச் சொல்லி, நானே ஒதுங்கி நின்று பார்த்தது போல ஆகிவிட்டது. போர் நடந்த வருஷம். ஊரில் ஆம்பிளைகளே இல்லை. விருந்துக்குக் கறி இல்லை, வறுத்த பார்லி மாவும் பாலும்தான். கருப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கம்பளிக் கயிற்றை என் இரண்டு கணுக்காலிலும் சுற்றிக் கட்டிப் புல்வெளியில் நிறுத்தினார்களாம். ஓடைக்கரையிலிருந்து பெண்கள் எல்லாரும் ஓடி வந்தார்கள், முந்தி வருகிறவளுக்குத்தான் கத்தி. ஒன்பது வயசு நீ, வெறுங்காலோடு எல்லாரையும் முந்தி வந்து, அம்மா கையிலிருந்து கத்தியைப் பிடுங்கிக் கயிற்றை வெட்டி, என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாய். பரிசாகக் கொடுக்க ஒன்றுமில்லாமல் அம்மா தன் தலைத்துணியை அவிழ்த்துக் கொடுத்தாள். வெட்டினவள் நடைதான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அது எனக்குப் பலித்தது.

என் மகளுக்கும் பலிக்க வேண்டும். சீக்கிரம் காலைச் சரிபண்ணிக்கொண்டு வா. கோடையில் மலைக்கு மந்தை ஓட்டிப் போன பிறகு கயிறு வெட்டும் விருந்தை வைத்துக்கொள்ளலாம். காலை ஆட்டாமல் இரு. உன் கன்னத்தில் முத்தம், மீரிமின் எச்சில் முத்தமும் சேர்த்து.

உன் தங்கை
கனிஷாய்


ஃப்ரூன்ஸே, ஆஸ்பத்திரி
14 பிப்ரவரி 1979

அன்புத் தங்கை கனிஷாய்க்கு,

நீ, மாப்பிள்ளை, குட்டி மீரிம் எல்லாரும் நலம்தானே? ஷார்ஷெனின் முதுகு நிமிர்ந்ததா? உன் கடிதம் கடைக்குப் போய், அங்கிருந்து இங்கே என் கட்டிலுக்கு வந்தது. திட்டி முடித்துவிட்டாயல்லவா, இனி கேள்.

லிடியா ஒசிபோவ்னா என்று ஒரு டாக்டரம்மா. என் காலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது கால் இல்லம்மா, உருளக்கிழங்கு மூட்ட. இத்தன வருஷம் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்றாள். "செருப்பு வித்துக்கிட்டு இருந்தேன்" என்றேன். அறையே சிரித்தது. கட்டைவிரல் பக்கத்து விரல் மேல் ஏறிப் படுத்துவிட்டது கனிஷ், மற்ற விரல்களுக்கு இடமே விடவில்லை. எலும்பை அறுத்து நிமிர்த்தி, முழங்கால் வரை மாவுக்கட்டுப் போடுவார்களாம். இப்போது வலது கால். இடது கால் பிறகு.

கட்டிலில் படுத்தால் பழசெல்லாம் வருகிறது. பதினாறு வயசில் என்னை விளையாட்டுப் பள்ளிக்கு லாரியில் ஏற்றினார்களே, நீ லாரி பின்னாலேயே புழுதியில் ஓடி வந்தாயே, நினைவிருக்கிறதா? அங்கே முள் வைத்த ஓட்டக் காலணி எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஜோடி. எனக்கு முன்னால் இருந்த பெண்ணுடையது. கால் நுழையவில்லை. "வெரல மடக்கி வெச்சுக்கோ" என்றார் பயிற்சியாளர். மடக்கி வைத்துக்கொண்டே மூன்று வருஷம் ஓடினேன், பதக்கமும் வாங்கினேன். அந்தச் சந்தோஷத்தில் வலியே தெரியவில்லை. வெறுங்காலில் ஓடைக்கரையில் ஓடின மாதிரி மட்டும் அப்புறம் ஒருநாளும் ஓடவில்லை.

பக்கத்துக் கட்டிலில் தமாரா என்று நாடகக் கொட்டகை நடனக்காரி. அவளுக்கும் இதே எலும்பு, ஆபரேஷன் முடிந்துவிட்டது. இப்போது தரையில் பென்சிலையும் பொத்தானையும் போட்டு விரலால் பொறுக்கச் சொல்கிறார்கள். பொறுக்க முடியாமல் அவள் ரஷ்ய மொழியில் வைகிற வசவை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது.

நாளைக்கு எனக்கு. பயப்படாதே. கோடைக்குள் எழுந்து ஓடிவிடுவேன், மீரிமின் கயிறு எனக்குத்தான். அவள் நெற்றியில் என் முத்தம்.

அக்கா
புரூல்


தாஷ்-புலாக்
6 மார்ச் 1979

அருமை அக்கா,

முதலில் பெண்கள் தின வாழ்த்து. உனக்கு, டாக்டரம்மாவுக்கு, வாய் பொல்லாத அந்தத் தமாராவுக்கும். வலி குறைந்ததா? சாப்பிடுகிறாயா? குதிரை இறைச்சித் தொத்திறைச்சியும் ஒரு சின்னப் பையும் லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பையைப் பிரித்ததும் சிரிக்காதே.

நாம் விளையாடின ஆட்டுக் கணுக்கால் எலும்புகள்தான். அம்மாவின் பெட்டி அடியில் கிடந்தன. நீ சிவப்புச் சாயம் பூசின அந்தப் பெரிய எலும்புகூட இருக்கிறது, எத்தனை தடவை அதை வைத்து என்னை ஏமாற்றியிருப்பாய். பென்சிலையும் பொத்தானையும் யாராவது பொறுக்குவார்களா? இதைப் பொறுக்கு. நம் எலும்பு என்றால் உன் விரல் தானாக மடங்கும்.

ஒரு ரகசியம். எனக்கும் அந்த எலும்பு தள்ளிக்கொண்டு வருகிறது, வலது காலில், உனக்கு வந்த அதே இடத்தில். நான் முள்செருப்பும் போட்டதில்லை, நகரத்துச் செருப்பும் போட்டதில்லை. ஷார்ஷெனின் அக்கா ரபியா பார்த்துவிட்டு, "கயிறு வெட்டுனவ கால் அப்படியே வந்திருக்கு பாரு" என்றாள். அதோடு நிறுத்தினாளா? "கால ஒடச்சுக்கிட்டுக் கெடக்குறவளக் கூட்டியாந்து வெட்ட வெச்சா உன் மக நொண்டித்தான் நடக்கும். என் மருமக நல்லா ஓடுறா, அவ வெட்டட்டும்" என்கிறாள். "அண்ணி, உங்க மருமக ஓடுறது உங்ககிட்டருந்து தப்பிக்க" என்று சொல்ல நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

மீரிம் நிற்கிறாள், உட்காருகிறாள். பல் நாலு வந்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

கனிஷாய்


ஃப்ரூன்ஸே, ஆஸ்பத்திரி
30 மார்ச் 1979

அன்புள்ள கனிஷ்,

எல்லாரும் சுகமா? குட்டி போடும் காலம், ஆடுகள் நல்லபடி ஈன்றனவா? நான் நலம். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. இடுப்புக்குக் கீழே மரத்துப் போக ஊசி போட்டார்கள். ரம்பம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ பக்கத்து வீட்டில் விறகு அறுக்கிற மாதிரி இருந்தது, என் கால் என்றே தோன்றவில்லை.

உன் பை வந்தது. தமாராவும் நானும் அதைக் கட்டிலில் கொட்டி இரண்டு நாள் விளையாடினோம், அந்த நடனக்காரி உன்னைவிட மோசமாகத் தோற்கிறாள். மாவுக்கட்டு பிரித்ததும் விரலால் பொறுக்க ஆரம்பிக்க வேண்டும். தமாரா வீட்டுக்குப் போய்விட்டாள். என்னை இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்கிறார்கள். சாப்பாடு நன்றாக இருக்கிறது, வெந்நீர் வருகிறது, எனக்கென்ன அவசரம்? லிடியா ஒசிபோவ்னா காலையிலும் சாயங்காலமும் வந்து பார்க்கிறாள், ரொம்ப நல்லவள். ஊசி போட்டுப் போட்டுக் கை கொஞ்சம் வீங்கியிருக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மீரிம் நடக்க ஆரம்பித்துவிட்டாளா? நடந்துவிட்டால் எனக்காக நிறுத்தி வைக்காதே. கயிறு வெட்டுகிற வயசு தாண்டக் கூடாது என்று அம்மா சொல்வாள்.

அக்கா
புரூல்


தாஷ்-புலாக்
2 மே 1979

அக்கா,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு கடிதம் இல்லை. தபால்காரி தூரத்தில் வரும்போதே தலையை ஆட்டிவிட்டுப் போகிறாள், வாய்கூடத் திறப்பதில்லை. கை வீக்கம் என்றாயே, எதற்கு அத்தனை ஊசி? டாக்டர் எதற்கு இரண்டு வேளையும் வந்து பார்க்கிறாள்? நான் அதிகம் படிக்காதவள்தான், மடையச்சி இல்லை. உடம்பு சுகம் என்று ஒரே ஒரு வரி எழுது, போதும்.

இங்கே நாங்கள் நலம். மீரிம் இன்னும் நடக்கவில்லை. ஒரு அடிகூட வைக்கவில்லை. பெட்டியைப் பிடித்து நிற்பதோடு சரி. சோம்பேறி, என்ன செய்வது? அதனால் அவசரமே இல்லை, நீ நிதானமாகக் குணமாகு. கயிறு காத்திருக்கும்.

நேற்று பால் வாளியைக் கவிழ்த்துவிட்டாள், அதற்கு முந்தின நாள் ரபியாவின் கோழியைக் கொட்டிலைச் சுற்றித் துரத்தி ஒரு இறகைப் பிடுங்கிவிட்டாள். அதாவது தவழ்ந்துதான். வேகமாகத் தவழ்வாள்.

ஒரு உதவி. அவளுக்குச் செருப்பு வேண்டும். அளவுக்குப் பழைய செருப்பை இத்தோடு அனுப்பியிருக்கிறேன், நீ அவள் பிறந்தபோது கொடுத்தனுப்பினதுதான். இதைவிடப் பெரிதாக, அடிப்பாகம் கெட்டியாக இருந்தால் நல்லது.

பதில் போடு. உன் கையெழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

கனிஷாய்


ஃப்ரூன்ஸே
24 மே 1979

அன்புள்ள கனிஷ்,

நீயும் மாப்பிள்ளையும் மீரிமும் சுகம் என்று நினைக்கிறேன். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். புண் ஆற நாளானது, அவ்வளவுதான், அதனால்தான் எழுதவில்லை. இப்போது ஆறிவிட்டது. கடைக்குக்கூடப் போகிறேன். கடை மேலாளரம்மா எனக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

மீரிமின் பழைய செருப்பு வந்தது. ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய அளவில், கெட்டி அடிப்பாகத்தோடு ஒரு ஜோடி அனுப்பியிருக்கிறேன். முன்பக்கம் அகலமானது. விரல்கள் விரிந்து இருக்கட்டும்.

ஒரு விஷயம் யோசித்துவிட்டேன், நீ கோபப்படக் கூடாது. கயிற்றை வேறு யாராவது வெட்டட்டும். ரபியாவின் மருமகளே வெட்டட்டும், நல்ல பெண், நன்றாக ஓடுவாள் என்கிறாளாமே ரபியா. வெட்டினவள் நடைதான் பிள்ளைக்கு என்றால், எனக்கு அது வேண்டாம். உன் காலுக்கே என் எலும்பு வந்துவிட்டது. அந்தக் குட்டிக் காலுக்கும் நான் அதைக் கொடுக்க வேண்டுமா? பதினான்கு வருஷம் காத்திருந்தாய் நீ.

பரிசுக்கு ஒரு சால்வை வாங்கி வைத்திருக்கிறேன், யார் வெட்டுகிறார்களோ அவர்களுக்குக் கொடு. மலையில் குளிரும், மீரிமுக்குக் காதை மூடிக் கட்டு.

அக்கா
புரூல்


தாஷ்-புலாக்
8 ஜூன் 1979

புரூல் அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் சுகம் என்றுதான் சொல்லப் போகிறாய்.

உன் கடிதத்தை ஷார்ஷெனிடம் வாசித்துக் காட்டினேன். அவர் வெளியே போய்க் குதிரையைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். தேய்த்த குதிரையையே மறுபடி தேய்த்தார். எனக்குத்தான் வாய் இருக்கிறதே, நான் சொல்கிறேன்.

உன் எலும்பு எனக்கு வந்துவிட்டது என்று நான் எப்போதாவது அழுதேனா? வந்தது எலும்பு மட்டுமா? நீ லாரியில் ஏறிப் போனபோது எனக்கு எட்டு வயசு. அதற்கப்புறம் நீ இங்கே வந்து தங்கின நாட்களை எல்லாம் சேர்த்தால் ஒரு கோடைக்குத் தேறாது. ஆனால் இன்றைக்கும் நான் சாயங்காலம் மலைப்பாதையில் இறங்கி வந்தால், கீழே நிற்கிற கிழங்கள் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்து, "யாரது, புரூலா வர்றது?" என்கிறார்கள். அம்மா கடைசிக் காலத்தில் கண் மங்கிப் படுத்திருந்தாளே, என் காலடிச் சத்தத்தைக் கேட்டு, "புரூல், வந்துட்டியாம்மா?" என்பாள். முதல் தடவை எனக்கு வருத்தமாக இருந்தது. அப்புறம், "வந்துட்டேம்மா" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அவள் நிம்மதியாகத் தூங்குவாள். நான் உன் காலால் நடந்ததால்தான் அம்மா உன்னைப் பார்க்காமல் போகவில்லை.

இதை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தேன். எழுத வைத்துவிட்டாய்.

என் மகளுக்கு அந்த நடைதான் வேண்டும். எலும்போடு சேர்த்துத்தான் வரும் என்றால் எலும்போடு வரட்டும், பிற்பாடு உன் டாக்டரம்மா பார்த்துக்கொள்வாள். ஜூலை கடைசி ஞாயிறு, மலை மேய்ச்சலில், ஓடைக்குப் பக்கத்தில். வந்தால் வா. வராவிட்டால் கயிறும் வேண்டாம், விருந்தும் வேண்டாம், என் மகள் கயிறு வெட்டாதவளாகவே வளரட்டும்.

சால்வையைக் கொண்டுபோய் உன் நாற்காலிக்குப் போர்த்து.

கனிஷாய்


ஃப்ரூன்ஸே
1 ஜூலை 1979

கனிஷ்,

சுகமாக இரு. உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்துவிட்டேன், தப்பு பண்ணிவிட்டேன். செருப்பு வாங்க வந்த ஒருத்தி எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். அம்மா விஷயம் எனக்குத் தெரியாது.

சரி, உண்மையைச் சொல்கிறேன். புண் சீழ் பிடித்துவிட்டது. இரண்டாம் தடவையும் கிழித்துக் கழுவினார்கள். இப்போது விரல் நேராக இருக்கிறது, பார்க்க அழகாகக்கூட இருக்கிறது. ஆனால் மடங்கவில்லை. உன் எலும்புகளை வைத்துத் தினமும் பழகுகிறேன், மற்ற நாலு விரலால் பொறுக்க வந்துவிட்டது, கட்டைவிரல் மட்டும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறது. "நடக்கலாம், நல்லா நடக்கலாம். ஓட்டத்த மறந்துடுங்க" என்றாள் டாக்டரம்மா. கொஞ்சம் நொண்டுகிறேன். இடது காலைச் செய்துகொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விருந்துக்கு வருகிறேன். ஓட மாட்டேன். கயிறு வெட்ட மாட்டேன். கறி தின்பேன், அவ்வளவுதான்.

புரூல்


தந்தி
தாஷ்-புலாக், 10 ஜூலை 1979

கறி தின்ன மட்டும் வா. கத்தி தீட்டியாகிவிட்டது. கறிக்குத்தான். கனிஷாய்.


ஃப்ரூன்ஸே
12 ஆகஸ்ட் 1979

என் தங்கை கனிஷாய்க்கும் மாப்பிள்ளைக்கும் என் குட்டி மகள் மீரிமுக்கும்,

நலமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த வெண்ணெய் உருகவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மடியில் மட்டும் கொஞ்சம் ஒழுகியது. ஷார்ஷெனின் முதுகு எப்படி? மலையில் இரவு குளிர ஆரம்பித்திருக்குமே.

நீ அன்றைக்கு மீரிமின் பின்னால் குனிந்து, அவள் அக்குளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஓடைக்கரையில் நடந்ததை நீ பார்த்திருக்க மாட்டாய். அதனால் எழுதுகிறேன்.

நான் ஓடைக்குப் போனது தண்ணீரில் காலை வைக்கத்தான், சத்தியமாக. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். பெண்கள் வரிசையாக நிற்க ஆரம்பித்தார்கள். ரபியாவின் மருமகள், நல்ல பெண், "நீங்களும் ஓடுறீங்களா அக்கா?" என்று மரியாதைக்குக் கேட்டாள். ரபியா குறுக்கே விழுந்து, "அவ என்னத்த ஓடுறது? ஓரமா நின்னு வேடிக்க பாக்கட்டும், கீழ விழுந்து தொலைக்கப் போறா" என்றாள். அவள் மட்டும் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் கறிச்சட்டிப் பக்கம் போயிருப்பேன். போய் வரிசையின் கடைசியில் நின்றேன்.

ஓடச் சொல்லித் துணியை வீசினார்கள், எல்லாரும் பறந்தார்கள். நான் நடந்தேன். ஈரப்புல்லும் ஓடைச் சேறும் காலுக்குக் கீழே அப்படியே இருந்தன கனிஷ், ஒன்பது வயசில் மிதித்த அதே குளிர்ச்சி. அத்தனை பேர் முதுகையும் பார்த்துக்கொண்டு கடைசியில் போவது எனக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வெட்கமாக இருக்கும் என்று பயந்தேன். அழுகைதான் வந்தது, ஆனால் வெட்கத்தினால் இல்லை. இந்தப் புல்லை விட்டுவிட்டு அந்தச் சின்னச் செருப்புக்குள் எதற்காகக் காலைத் திணித்தேன் என்றுதான் அழுதேன்.

முந்தின நாள் சாயங்காலம் கூடாரத்தில் மீரிமுக்கு விளையாட்டுக் காட்டினேனே, கால் விரலால் எலும்பைப் பொறுக்கிப் பொறுக்கி என் பாவாடையில் போட்டது? விக்கல் எடுக்கும்வரை சிரித்தாளே? அந்த எலும்புகள் என் பையிலேயே கிடந்தன. நான் நொண்டி நொண்டி வந்ததில் கலகலவென்று சத்தம் போட்டன. நான் அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனித்துவிட்டாள்.

மருமகள் உங்களை நெருங்கிக் கையை நீட்டி, "கத்தி, கத்தி" என்று கத்துகிறாள். உன் மகள் உன் கையிலிருந்து நழுவினாள். ஒரு தடவை குப்புற விழுந்தாள், எழுந்தாள், உட்கார்ந்து கயிற்றை ஒரு காலிலிருந்து உருவி எறிந்தாள், பிறகு ஓடினாள். நடக்கவில்லை கனிஷ், ஓடினாள்! ஒரு அடிகூட வைக்கத் தெரியாத சோம்பேறிப் பிள்ளை, மருமகளைத் தாண்டி, ரபியாவின் காலுக்கு இடையில் புகுந்து, மற்றக் காலில் கயிறு வால் மாதிரி இழுபட, நேராக என்னிடம் வந்து என் பையில் கையை விட்டாள்.

அப்போது உன் முகத்தைப் பார்த்தேன். பால் திருடிக் குடித்த நாலு வயசுக் கனிஷாயின் முகம் அப்படியே.

எனக்கு மே மாதமே தெரியும், பைத்தியம். நான் செருப்புக்காரி. நீ அனுப்பின அந்தப் பழைய செருப்பின் அடிப்பாகம் குதிகாலிலும் முனையிலும் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. தவழ்கிற பிள்ளைக்கு மேல்பக்கம்தான் தேயும். அவள் எப்போதோ நடந்துவிட்டாள், ஓடவும் தொடங்கிவிட்டாள், நீ எனக்காக ஊரை எல்லாம் வாயைக் கட்டிக் காத்திருக்கிறாய் என்று தெரிந்துதான், வேறு யாராவது வெட்டட்டும் என்று எழுதினேன். கூடாரத்தில் அன்றைக்குப் பிள்ளையை மடியை விட்டு இறக்காமல் நீ பட்ட பாட்டைப் பார்த்து, சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ரபியா, "கயிறுதான் போச்சே, இனி என்னத்த வெட்டுறது?" என்றாள். அப்போதுதான் மாப்பிள்ளை வாயைத் திறந்தார். இந்தப் பதினைந்து வருஷத்தில் அவர் நாலு பேருக்கு முன்னால் பேசி நான் கேட்டதே இல்லை. "ஒரு கால்ல இன்னும் இருக்குல்ல. புள்ள யார்கிட்ட போச்சோ அவங்க வெட்டட்டும்" என்றார். நீ கத்தியைக் கொண்டு வந்தாய். நான் குனிந்து அந்த ஒற்றைக் காலின் கயிற்றை வெட்டினேன்.

அப்புறம் நான் அவள் கையைப் பிடித்து நடத்தினேன். நான் வலது காலை இழுத்தேன், அவளும் வலது காலை இழுத்தாள். நான் சாய்ந்தேன், அவளும் சாய்ந்தாள். எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். "பாத்தியா, நான் சொன்னேன்ல, நொண்டுது" என்றாள் ரபியா. எனக்கு உயிரே போய்விட்டது. நீ மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

நேற்று லிடியா ஒசிபோவ்னாவிடம் போனேன். "ஓட்டத்த மறந்துடுங்கன்னு சொன்னேனே, கோபமா?" என்றாள். "ஓட வேண்டாம் டாக்டர், ஒழுங்கா நடந்தாப் போதும். என்னப் பாத்து நடக்குற ஒரு ஆள் இருக்கு" என்றேன். மயக்க ஊசி போட்டு வலது விரலை மடக்கிப் பார்க்கிறாளாம், ஓரளவு வரும் என்கிறாள். கூடவே இடது காலும். அக்டோபரில். பயமாகத்தான் இருக்கிறது கனிஷ், போன தடவை இல்லாத பயம். ஆனால் அந்தக் குட்டி என் காலைப் பார்த்துத்தான் நடக்கப் போகிறாள் என்றால், இதை இப்படியே விட எனக்கு மனசு வரவில்லை.

உன் வலது காலைப் பார்த்தேன். முத்திவிட்டது. பக்கத்துக் கட்டில் காலியாகத்தான் இருக்கும் என்றாள் டாக்டரம்மா. வருவதும் வராததும் உன் இஷ்டம்.

உங்கள் மூவரின் நெற்றியிலும் முத்தம்.

அக்கா
புரூல்


மலை மேய்ச்சல்
3 செப்டம்பர் 1979

அருமை அக்கா,

இங்கே எல்லாரும் சுகம். அடுத்த வாரம் மந்தையைக் கீழே இறக்குகிறோம். உன் கடிதத்தை ஷார்ஷெனிடம் வாசித்துக் காட்டினேன். தான் பேசின இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

மே மாதமே தெரியுமாமே! தெரிந்தும் என்னைக் கூடாரத்தில் அந்த ராட்சசியை மடியில் அமுக்கிக்கொண்டு உட்கார வைத்தாயே, நீ நன்றாக இருப்பாயா? என் தொடையெல்லாம் கன்றிப் போயிற்று.

மீரிம் மூன்று நாள் நொண்டினாள். ரபியா எதிரில் வந்தால் இன்னும் அதிகமாக நொண்டினாள், அது எதில் சேர்த்தி என்று தெரியவில்லை. நாலாம் நாள் கன்றுக்குட்டி ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, அதன் பின்னாலேயே ஓடினாள், நொண்டுவதை மறந்துபோய்விட்டாள். வெறுங்காலோடு, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, திரும்பியே பார்க்காமல். ஓடைப் பக்கம் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருத்தர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்து, "யாரது, புரூலா ஓடுறது?" என்றார். நான் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா தாத்தா, புரூல்தான்" என்றேன்.

ரபியா பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாகத் தானே வந்து சொன்னாள். "ரெண்டு பேரும் ஒழுங்கா நடந்து வாங்கடி, அதுக்கப்புறம் பேசிக்கலாம்" என்றாள். எலும்புப் பையை மீரிமிடமிருந்து பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சிவப்பு எலும்பை மட்டும் கொடுக்கவே மாட்டேன் என்கிறாள், அதை விட்டுவிட்டு மற்றதைக் கொண்டு வருகிறேன்.

டாக்டரம்மாவிடம் அந்தப் பக்கத்துக் கட்டிலை எனக்குப் பிடித்து வை. ஜன்னல் பக்கம் நீ படு, சுவர் பக்கம் எனக்கு.

கனிஷாய்